‘சீரியல் அரசியல்’ என்னும் வசைக்கு ஒரு மறுப்பு

இலக்கியக் கூட்டங்களில் பேச்சு அரசியல் பக்கம் திரும்பும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் உதட்டைப் பிதுக்கி, "எல்லாம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிட்டது சார்" என்று முடித்துவைப்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். அவையினர் சிரிக்கிறார்கள். விவாதம் அத்தோடு நின்றுவிடுகிறது. கடந்த சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடிய சிறியதொரு வாசகர் சந்திப்பிலும் இதே வாசகம் சொல்லப்பட்டது. சொன்னவர் நாங்கள் மதிக்கும் வாசகர். ரசிகமணி டி.கே.சி. கம்பனைச் சொல்லக் கேட்பதற்கென்றே விருந்தினர்கள் வந்து தங்கிய ஊர் அது. ரசிகன் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்தவர் அவர். அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘சீரியல் ரசிகை’ என்பதை அறிவில்லாதவள் என்பதற்கு ஈடான சொல்லாகப் புழங்குகிறோம். அன்றைக்குச் சபை நாகரிகம் கருதி வாயைத் திறக்காமல் பேருந்து ஏறி ஊர் வந்து சேர்ந்தோம். சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நாங்கள் செங்கோட்டையைச் சேர்ந்த சில நண்பர்கள். மாதம் ஒரு நாவல் வாசித்து விவாதிப்பவர்கள். விளக்கு வைத்த பிறகு சீரியல் பார்ப்பவர்கள். முதலாவதை ஊரறியச் சொல்லிக்கொண்டோம். இரண்டாவதை வீட்டுப் பெண்கள் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதாகச் சொல்லிவந்தோம். அது பொய். ‘மெட்டி ஒலி’யின் 811 பகுதிகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்திருக்கிறோம். ‘கோலங்கள்’ 2003 இறுதியில் தொடங்கி 2009 இறுதியில் 1533 பகுதிகளோடு முடிந்தபோது, வீட்டில் நெடுநாள் தங்கியிருந்த உறவினரை ரயிலேற்றிவிட்டு வந்தது போலிருந்தது. ஆகவே, கீழே வருவது நடுநிலையாளரின் ஆய்வன்று, கட்சிக்காரர்களின் வாதம்.

எதிர்த்தரப்பின் வழக்கு மூன்று குற்றச்சாட்டுகளால் ஆனது. ஒன்று, தொடர்கதை வடிவமே மலிவானது. இரண்டு, தூர்தர்ஷன் காலம் பொற்காலம், அதன் பிறகு வந்ததெல்லாம் குப்பை. மூன்று, சீரியல் பார்க்கும் கூட்டம்தான் முகத்தைப் பார்த்து வாக்களித்து அரசியலைக் கெடுத்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

*

வடிவம் மலிவானது என்று சொல்பவர் சிற்றிதழ் வாசகர் என்பதுதான் வேடிக்கை. அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தஸ்தயேவ்ஸ்கி, ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலை 1879லும் 1880லும் ‘ரஷ்யத் தூதன்’ என்ற பத்திரிகையில் தவணை தவணையாகத்தான் எழுதினார். டிக்கன்ஸ் மாதம் ஒரு பகுதியாக எழுதிப் பிழைத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ‘கல்கி’யில் வாராவாரம் ஓடியது, பத்திரிகை வந்ததும் அதை முதலில் யார் படிப்பது என்று வீடுகளில் சண்டை நடந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. தமிழ் நாவல் தொடராகப் பிறந்து தொடராக வளர்ந்தது. காத்திருக்க வைப்பது அந்த வடிவத்தின் இயல்பு. அச்சில் காத்திருந்தால் இலக்கிய ஆர்வம், கூடத்தில் காத்திருந்தால் மூடத்தனம் என்பது என்ன கணக்கு?

‘மெட்டி ஒலி’க்கு வசனம் எழுதியவர் பாஸ்கர் சக்தி. அவருடைய சிறுகதைகளை நாம் நம் கூட்டங்களில் வைத்துப் பேசியிருக்கிறோம். பா. ராகவன் சீரியல்களுக்கு வசனம் எழுதியிருக்கிறார். சீரியல் நம் வீட்டுக்குள் நுழைந்த அன்னியச் சரக்கு என்ற பாவனையை இனியாவது விட்டுவிடலாம். அதை எழுதியவர்களில் சிலர் நம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

ஐந்து மகள்களைக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம் என்ற தகப்பனின் கதை ‘மெட்டி ஒலி’. வரதட்சணை, மாமியார், கடன், சந்தேகப்படும் கணவன், மகளைப் பார்க்கப் போய் வாசலிலேயே அவமானப்பட்டுத் திரும்பும் கிழவர். இதில் மலிவானது எது? இதே பொருளை யாரேனும் நூற்றிருபது பக்கக் குறுநாவலாக எழுதியிருந்தால் ‘குடும்பம் என்னும் நிறுவனத்தின் நுண்ணரசியல்’ என்று மதிப்புரை எழுதியிருப்போம். அது வெளியானபோது எங்கள் தெருவில் வாயிற்படியில் உட்கார்ந்து பேசிய பெண்கள், சரோவின் மாமியாரைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தத்தம் மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். தம் வீட்டுக் கதையைச் சொல்ல முடியாதவர்களுக்கு அடுத்த வீட்டுக் கதை ஒரு மறைப்பாக உதவியது. நல்ல இலக்கியமும் இந்த வேலையைத்தான் செய்கிறது என்று நாம் மேடைகளில் சொல்லிவருகிறோம்.

*

அடுத்தது பொற்காலம். தூர்தர்ஷனைப் பற்றி உருகுவதில் எங்களுக்கும் பங்குண்டு. மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்குத் தொலைக்காட்சி எளிதாகக் கிடைக்கவில்லை. மொட்டை மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே கீழே இருப்பவரிடம் "தெரியுதா, தெரியுதா" என்று கத்திய அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகே சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்கு ஒழுங்காக வந்தன. செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கும் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கும் தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் தெருவே கூடியது. மொழி புரியாமலே ‘ராமாயண்’ பார்த்தோம். ஆகும்பேயில் படமெடுக்கப்பட்ட ‘மால்குடி நாட்கள்’ எங்களுக்கு அம்பாசமுத்திரம் போலவே தெரிந்தது. சங்கர் நாக்குக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் உருகுவது வேறு, வரலாறு வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது 1975 ஆகஸ்ட் 15 அன்று. நெருக்கடி நிலை பிரகடனமாகி ஏழு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. செய்தித்தாள்கள் தணிக்கைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் தமிழகத்தின் முதல் தொலைக்காட்சி கண் திறந்தது. ஆறு மாதம் கழிவதற்குள், 1976 ஜனவரி 31 அன்று, மாநிலத்தின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் சுடப்பட்டு இறந்த செய்தியை நாடு பி.பி.சி. வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அரசின் ஊடகங்கள் மாலையில் வாயைத் திறந்தன. இதையெல்லாம் மறந்துவிட்டு, ‘அந்தக் காலத்துத் தூர்தர்ஷனில் அரசியல் இல்லை’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அரசியல் இருந்தது. ஒரே கட்சியினுடையதாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

இந்தியாவின் முதல் நெடுந்தொடர் என்று கொண்டாடப்படும் ‘ஹம் லோக்’ 1984 ஜூலையில் தொடங்கியதும் கலைத் தாகத்தால் அன்று. மெக்சிகோவில் மிகேல் சபீதோ என்பவர், தொடர்நாடகத்தைக் கொண்டு மக்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டையும் எழுத்தறிவையும் போதிக்கலாம் என்று செய்துகாட்டியிருந்தார். அதைப் பார்த்துவந்து இங்கே தொடங்கியதே ‘ஹம் லோக்’. முதல் வாரங்களில் உபதேசம் மிகுந்து தொடர் எடுபடவில்லை. பிறகு மனோகர் ஷியாம் ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் கதைக்கு இடம் கொடுத்தார். வீடுகள் திரும்பிப் பார்த்தன. அமெரிக்காவில் சோப்பு விற்பதற்காகத் தொடர்நாடகம் வந்தது, அதனால்தான் அதற்கு ‘சோப் ஒபேரா’ என்று பெயர். இங்கே கருத்தடையை விற்பதற்காக வந்தது. இரண்டு இடத்திலும் விற்க வந்தவர்களைப் பார்வையாளர்கள் கதை சொல்ல வைத்தார்கள். அந்த வெற்றிக்கு யாரும் அவர்களைப் பாராட்டியதில்லை.

*

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது: சீரியல் பார்ப்பவர்கள் முகத்துக்கு வாக்களிக்கிறார்கள் என்பது. இதை நாங்கள் சொந்த வட்டாரத்தின் கணக்கைக் கொண்டே சோதித்துப் பார்த்தோம்.

நடிகரும் அரசியலும் கலந்தது நேற்று நடந்ததன்று. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரில் உள்ள முதலெழுத்து எங்கள் செங்கோட்டை. 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்த அந்த மேடைப் பாடகரின் துணைவி கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பிற்காலத்தில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். அதன் பிறகு நாடகமும் சினிமாவும் திராவிட இயக்கமும் சேர்ந்து எழுதிய அத்தியாயம் எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வருவதற்கு முன்பே இதெல்லாம் நடந்து முடிந்தது. கலப்புக்குக் காரணம் சீரியல் என்று சொல்பவர் ஐம்பதாண்டு வரலாற்றைத் தவறவிட்டிருக்கிறார்.

சரி, தொலைக்காட்சிக் காலத்துக்கே வருவோம். 2011 சட்டமன்றத் தேர்தலில் தென்காசித் தொகுதியில் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றவர் நடிகர் சரத்குமார். அவருடைய மனைவி ராதிகா, 1999 இறுதியில் வந்த ‘சித்தி’ முதல் தமிழ் நெடுந்தொடரின் அரசி. தேர்தல் நடந்தபோது அவருடைய ‘செல்லமே’ சன் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு நண்பர் உடனே எழுந்து "பார்த்தீர்களா, சித்தியின் வீட்டுக்காரருக்கு வாக்களித்துவிட்டார்கள்" என்பார். அவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. அணி 234 இடங்களில் 203 இடங்களைப் பிடித்தது. தென்காசி அந்த 203இல் ஒன்று. 2016இல் அதே அணி மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அதே அணியில் நின்ற அதே சரத்குமார், திருச்செந்தூரில் தோற்றார். முகம் மாறவில்லை. வீட்டுப் பெண்கள் பார்த்த சீரியல்களும் பெரிதாக மாறிவிடவில்லை. தீர்ப்பு மாறியது.

2024 மக்களவைத் தேர்தல் இன்னும் தெளிவானது. ராதிகாவே வேட்பாளராக, பா.ஜ.க. சார்பில் விருதுநகரில் நின்றார். எங்கள் தென்காசி மக்களவைத் தொகுதிக்கு அடுத்த தொகுதி அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர். தமிழகத்தில் ஒரு சீரியல் முகத்தை வைத்து வெல்ல முடியுமானால் அவரால் முடிந்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அதை நாங்கள் எக்களிப்போடு சொல்லவில்லை. அவருடைய நடிப்பின் மேல் எங்களுக்குள்ள மதிப்பு அப்படியே இருக்கிறது. நாங்கள் சொல்லவந்தது வேறு: சாரதா சித்திக்காக அழுத பெண்களுக்கு, சாரதா சித்தி வேறு, வேட்பாளர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரித்தறிவை அவர்களுக்கு மறுத்துவந்தவர்கள் நாம்தான்.

வடக்கிலும் கதை இதுவே. ஸ்மிருதி இரானியின் தொடர் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த உச்சத்தில், 2004இல், அவர் தில்லி சாந்தினி சவுக்கில் நின்று தோற்றார். 2014இல் அமேதியிலும் தோற்றார். வென்றது 2019இல், அவருடைய தொடர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2024இல் அதே அமேதியில் தோற்றார். 1991இல் தூர்தர்ஷன் ராமாயணத்தின் சீதை தீபிகா பரோடாவிலும், இராவணன் அரவிந்த் திரிவேதி சபர்கந்தாவிலும் வென்றார்களே என்று கேட்கலாம். கேளுங்கள். ஒரே தேர்தலில், ஒரே கட்சியில், ஒரே மாநிலத்தில் சீதையும் வென்றார், இராவணனும் வென்றார். வேடத்தைப் பார்த்து வாக்களித்தார்கள் என்றால் இதற்கு என்ன பொருள் சொல்வது? அங்கே வேலை செய்தது அந்த ஆண்டுகளின் அரசியல் அலை. அந்த அலையை எழுப்பியவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படம் பார்த்த பெண்கள் அல்லர்.

*

அப்படியானால் தொலைக்காட்சிக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. நண்பர்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பெட்டி யாருடையது, கம்பி யாருடையது, அலைவரிசை யாருடையது என்று கேட்டால் தொடர்பு தெரியும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று அலைவரிசைகள் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கொடியைப் போல வந்தன. 2001 ஜூன் 30 நள்ளிரவு தாண்டி மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா வேறொரு கோணத்தைக் காட்டியது. ‘சித்தி’ ஓடிக்கொண்டிருந்த அதே பெட்டியில்தான் இரண்டையும் பார்த்தோம். ஒரே நிகழ்ச்சியை இரண்டு கதைகளாகப் பார்க்கும் பழக்கம் தமிழனுக்கு அந்த வாரம் உறுதிப்பட்டது. அதைச் செய்தவை செய்தி அறிக்கைகள். சீரியல் அன்று.

2006இல் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை வாக்களித்து ஆட்சிக்கு வந்தது. அந்தச் செப்டம்பரில் வழங்கத் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தது. வீடுகள் வாங்கிக்கொண்டன. பிறகு மின்வெட்டு வந்தது. கதை முக்கியமான கட்டத்தில் இருக்கும்போது மின்சாரம் போய், அரசாங்கம் கொடுத்த பெட்டி இருட்டில் நிற்கும். 2011இல் அந்தக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 23. பெட்டியை வாங்கிக்கொண்டு வாக்கை மாற்றிப் போட்டவர்கள் யார்? நாம் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்று எழுதிவந்த அதே சீரியல் ரசிகைகள்தாம். அடுத்து வந்த அரசு 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் கொடுத்தது. மின்வெட்டு 2012இல் இன்னும் மோசமாயிற்று. கம்பி மலிவு, மின்சாரம் இல்லை. இந்தப் பொருளாதாரத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்க வேண்டிய நாம், மாமியார் வேடம் போட்டவரின் கண்மையைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

*

எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. ரசிகர்கள் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை.

தமிழ்ச் சீரியலில் தீமை பெரும்பாலும் பொட்டு வைத்துக்கொண்டு பெண்ணுருவில் வருகிறது. அடிக்கும் கணவன் ஐம்பது பகுதிகளில் திருந்திவிடுகிறான். சூழ்ச்சி செய்யும் நாத்தனார் ஐந்நூறு பகுதிகளுக்கும் திருந்துவதில்லை. வாரத் தொடர்கள் தினத்தொடர்களான பின், கே. பாலசந்தரின் ‘கையளவு மனசு’ போன்றவற்றில் இருந்த சிக்கனம் போய்விட்டது. ஒரு வாக்கியத்துக்கு ஆறு முகங்களைக் காட்டி ஆறு முறை இடி இடிக்க வைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். டி.ஆர்.பி. ஏறினால் செத்தவர் பிழைத்து வருகிறார். இறங்கினால் நல்லவர் விபத்தில் போகிறார்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எங்கள் நினைவுக்கு எட்டியவரை, தமிழ்ச் சீரியல் குடும்பத்தில் தேர்தல் வருவதில்லை. ரேஷன் கடை இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லை. யாரும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மனு கொண்டுபோவதில்லை. ‘கோலங்கள்’ தொடரில் திருச்செல்வம் தாமே நடித்த தொல்காப்பியன் கொஞ்சம் சமூகம் பேசினான். அபி சொந்தக் காலில் தொழில் செய்தாள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் வழியே ஆணாதிக்கம் தன் சொந்தக் குரலில் பேசியது. நாடு முழுவதும் அவரைக் கேலி செய்து படங்கள் பரப்பியது, அவர் 2023 செப்டம்பரில் திடீரென இறந்தபோது உண்மையாகவே வருந்தியது. இத்தகைய விலக்குகள் சில. மற்றபடி, கட்சிகளோடு நெருங்கிய அலைவரிசைகள் சீரியலுக்கு மட்டும் அரசியலற்ற தூய்மையை விதித்தன. செய்தியில் அரசியலை நிரப்பி, கதையிலிருந்து அதைத் துடைத்தெடுத்தார்கள். தொண்ணூறு வயதைக் கடந்த பின்பும் கருணாநிதி ‘இராமானுஜர்’ தொடருக்கு வசனம் எழுதினார். சாதியையும் கோயிலையும் பேச அவருக்கு ஆயிரமாண்டுப் பழமை தேவைப்பட்டது. இன்றைய தெருவில் வைத்து அதைப் பேசும் சீரியலை எந்த அலைவரிசையும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

இப்போது வசைக்கே வருவோம். இன்றைய அரசியல் சீரியல் மாதிரி இருக்கிறதா?

எங்களில் ஒருவரின் ஆச்சி, எண்பது தாண்டியவர், சீரியலுக்கும் சீரியலுக்கும் இடையில் செய்தி விவாதத்தைப் பார்ப்பார். ஒருநாள் திரையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆச்சி பேரனைப் பார்த்துக் கேட்டார்: "ஏல, இந்த மனுசன் போன வருசம் அந்தக் கட்சிக்கில்லா சண்டை போட்டான்? இப்ப இவனுவளுக்கு எப்பம் வந்தான்? நடுவுல என்ன நடந்துதுன்னு யாரும் காட்டலையே!"

அந்தக் கேள்வியை நாங்கள் இன்றுவரை விடவில்லை. ஆச்சிக்குக் கட்சிக் கொள்கைகள் தெரியாது. ஆனால் ஒரு பாத்திரம் குணம் மாறினால் அதற்கு நடுவில் காரணம் காட்டப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆயிரத்தைந்நூறு பகுதிகளை நினைவில் வைத்திருப்பவர் அவர். எந்த மருமகள் எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னாள் என்பதை ஆறு ஆண்டு கழித்தும் சொல்வார். வாக்குக் கொடுத்தவன் அதை மறந்தால் கதை அவனை விடாது என்பதுதான் அவர் கற்ற இலக்கணம். விவாதத்தை நடத்தியவருக்கு அந்த இலக்கணம் இல்லை. போன ஆண்டின் காணொளியை எடுத்துப் போட்டு "நடுவில் என்ன நடந்தது" என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அன்றைய தலைப்பு மட்டுமே உண்டு. நாளைக்கு வேறு தலைப்பு.

ஆகவே நண்பர் சொன்னது தலைகீழானது. நம் அரசியல் சீரியலாக இல்லை என்பதுதான் துயரம். சீரியலுக்கு முன்கதை உண்டு. செய்த வினை திரும்பி வரும். தாமதமானாலும் கணக்குத் தீர்க்கப்படும். ஒருநாள் ‘சுபம்’ போட்டு எல்லோரும் வெளிச்சத்தில் நின்று கணக்குக் காட்ட வேண்டும். இன்றைய அரசியல் சீரியலிடமிருந்து இடியோசையையும், மூன்று முறை திரும்பும் முகத்தையும், நாளைக்குப் பாருங்கள் என்ற ஏமாற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டது. நினைவை எடுத்துக்கொள்ளவில்லை. விளம்பர இடைவேளையையே முழுநீள நிகழ்ச்சியாக்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு நினைவு எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1904இல் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே போட்ட மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் மூடப்பட்டது. மலைப்பகுதி முழுதும் மறுபடி ரயில் ஓடியது 2018இல். இடையில் 2011, 2014, 2016 என மூன்று பொதுத்தேர்தல்கள். ஒவ்வொன்றிலும் அந்த ரயில் வாக்குறுதியாக எங்கள் தெருவுக்கு வந்தது. எந்தத் தேர்தலில் யார் எந்த மாதத்தைச் சொன்னார் என்பதை எங்களைப் போன்ற நாவல் வாசகர்கள் மறந்துவிட்டோம். ஆச்சி மறக்கவில்லை. கோவில் கொடை, சீரியலில் நடந்த ஒரு கல்யாணம், வேட்பாளர் வந்து போனது மூன்றையும் ஒரே கயிற்றில் முடிந்துவைத்து வரிசையாகச் சொன்னார்.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பினார்கள். அப்போது தென்காசி தனி மாவட்டமாகி ஆறு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் நாங்கள் ஆச்சிகளோடும் அம்மாக்களோடும் உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். அடுத்து வருவது என்னவென்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பார்த்தார்கள். சிதம்பரம் மகள் வீட்டு வாசலில் நிற்கும் காட்சியில், அடுத்த கணம் அவருக்கு நேரப்போகும் அவமானத்துக்கு முன்னதாகவே அழுதார்கள். திரும்ப வாசித்தல் என்று நாம் பெரிய சொல்லால் சொல்வது இதைத்தான்.

கூட்டங்களில் இனி எவரேனும் "எல்லாம் சீரியல் மாதிரி ஆகிவிட்டது" என்றால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு பேருந்து ஏறப்போவதில்லை. இன்னும் ஆகவில்லை, ஆனால் நன்றாக இருக்கும் என்று எழுந்து சொல்வோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவரை நேரே ஆச்சியின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பதாகவும் இருக்கிறோம். அவரிடம் கேட்க ஆச்சிக்கு ஒரே கேள்விதான் உண்டு: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன நடந்தது?